அச்சில் சிரித்த கதை மேடையிலும் சிரிக்க: சிங்கப்பூர் நாடகக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் முதன்முதலில் ஒரு நகைச்சுவைக் கதையை மேடையேற்றியபோது அரங்கு ஒரே ஒரு இடத்தில்தான் சிரித்தது. அந்த இடம் பிரதியில் இல்லை. நடிகர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான். மற்ற நாற்பது நிமிடமும் ஒரு சமூக மன்றத்தின் குளிரூட்டிச் சத்தத்தை எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கைப்பைக்குள் மிட்டாய் தேடினார். வெகுநேரம் தேடினார்.

படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைத்த கதை அது. மூலத்துக்கு மரியாதை என்று நினைத்து, ஒரு வரியையும் மாற்றாமல் எழுத்தாளரின் விவரணை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, இருட்டில் ஓடவிட்டிருந்தேன். தவறு எங்கே என்று பிடிபட எனக்கு இன்னும் இரண்டு நாடகங்கள் தேவைப்பட்டன. நகைச்சுவைக் கதையில் நம்மைச் சிரிக்க வைப்பவர் பெரும்பாலும் கதை சொல்கிறவர்தான். பாத்திரங்கள் தங்கள் பாட்டுக்குக் கவலையோடு இருப்பார்கள். கதைசொல்லி அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணடிப்பார். மேடையில் அவருக்குத் தானாக இடம் கிடைக்காது. அந்தக் குரலை யார் தலையில் ஏற்றுவது என்று முடிவெடுப்பதுதான் தழுவல் வேலையில் முக்கால்வாசி.

1. மூன்று வண்ணப் பென்சில்களோடு படியுங்கள்

கதையை நகலெடுத்துக்கொண்டு, சிரிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் கோடு போடுங்கள். செயலால் வரும் சிரிப்புக்கு ஒரு நிறம், பாத்திரங்களின் பேச்சால் வருவதற்கு ஒன்று, கதைசொல்லியின் குரலால் வருவதற்கு மூன்றாவது. மூன்றாவது நிறமே பக்கமெல்லாம் நிறைந்திருந்தால், முதல் முயற்சிக்கு அந்தக் கதை வேண்டாம். அது நல்ல கதையாகத்தான் இருக்கும், ஆனால் உங்களை அழ வைத்துவிடும்.

செயல் நிறம் அதிகமுள்ள கதைக்கு உதாரணம் வேண்டுமானால் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவை எடுத்துக்கொள்ளலாம். ஆற்றைக் கடந்ததும் சீடர்கள் ஒவ்வொருவராக எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஓர் ஆளை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகை. தாளில் இது ஒரு முறை சிரிக்க வைக்கும். மேடையில் ஆறு பேர் கண்ணெதிரே நிற்கிறார்கள், பார்வையாளர்கள் தாங்களே எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆள் எண்ணத் தொடங்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள் கத்தி உதவி செய்வார்கள். பள்ளிக் குழுக்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

நம் ஊர்ப் பக்கமும் தேடுங்கள். 1888-இல் ‘சிங்கை நேசன்’ இதழில் மகுதூம் சாயபு எழுதிய ‘விநோத சம்பாஷணை’யைத்தான் ஆய்வாளர் நா. கோவிந்தசாமி இவ்வூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாகச் சுட்டினார். சம்பாஷணை, அதாவது உரையாடல், என்று பெயரிலேயே இருக்கிறது, பாதி நாடகம் ஏற்கெனவே தயார். வானொலியில் புதுமைதாசன் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’யைப் பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது காதுக்காக எழுதப்பட்டது என்பதால், வசனம் எழுதப் பழகுகிறவர்களுக்கு நல்ல பாடம்.

2. உரிமையைக் கணக்குப் போடுங்கள்

பதிப்புரிமை இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுவரை இருக்கும். சிங்கப்பூரில் 70 ஆண்டு, இறந்த ஆண்டின் முடிவிலிருந்து. நாடகம் இங்கே நடப்பதால் 70 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார், ஆகவே தடையில்லை. கல்கி 1954, 2024 முடிவோடு அவரும் வந்துவிட்டார். தேவன் 1957. சென்னையில் தாராளமாகப் போடலாம், இங்கே 2027 முடியும்வரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பிற மொழிக் கதையின் தமிழாக்கத்தை எடுத்தால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளூர் எழுத்தாளர் என்றால் அவரிடமோ குடும்பத்திடமோ கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே “எடுத்துக்கோங்க தம்பி” என்று சொன்னதெல்லாம் அனுமதியில் சேராது.

3. கதைசொல்லியின் குரலைப் பங்கு போடுங்கள்

இனி மூன்றாவது நிறக் கோடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு வழிகளில் ஒன்றைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

முதல் வழி, அந்த வரியை ஒரு பாத்திரத்தின் வாயில் போடுவது. எளிதாகத் தெரியும், ஆனால் இதில்தான் அதிகம் தவறு நடக்கும். “அவர் கஞ்சத்தனத்தைக் குலதெய்வமாகக் கும்பிடுபவர்” என்று கதைசொல்லி எழுதினால் அது நகைச்சுவை. அதையே மனைவி மேடையில் சொன்னால் வீட்டுச் சண்டை. பாத்திரத்துக்கு அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்றும் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வரியைச் செயலாகவோ பொருளாகவோ மாற்றுவது. அதே கஞ்சர் விருந்தாளி வந்ததும் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கட்டும், விருந்தாளி அதைப் பார்க்கட்டும். வசனமே வேண்டாம். முடிந்த இடத்திலெல்லாம் நான் இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது, கதைசொல்லியை மேடைக்கே கொண்டுவருவது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். அறிமுகப்படுத்துவான், ராஜாவையே கிண்டல் செய்வான், தேவையானால் வேலைக்காரனாகவும் மாறிவிடுவான். வில்லுப்பாட்டில் பாடுகிறவருக்குப் பக்கத்தில் ‘ஆமா’ போடுகிறவர் இருக்கிறார். அந்த ‘ஆமா’வில் எத்தனை சந்தேகம், எத்தனை நக்கல்! நான் ஒலிப்பதிவு செய்த குரல் தோற்றதற்குக் காரணம் அது விவரணை என்பதல்ல. அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. கதைசொல்லியை வைத்தால் அவருக்கு எதிராளி ஒருவரையும் வையுங்கள்.

நான்காவது வழி, வெட்டுவது. கதையிலேயே உங்களுக்கு மிகப் பிடித்த வரி இதில் போகலாம். நிகழ்ச்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

4. சென்னையா சிங்கப்பூரா? அரைகுறை மட்டும் வேண்டாம்

இதை ஓர் உண்மையான கதையோடு பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943-ஆம் ஆண்டுக் கதை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்தில் நின்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை; பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றினால் அரைக் கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் கடவுள் வந்து வழி கேட்கிறார்.

முதல் சிக்கல், எஸ்பிளனேடு என்றதுமே நம் பார்வையாளர் மனதில் மரினா பேயின் டுரியான் கட்டடம் வந்து நிற்கும். இரண்டாவது, காலணா என்றால் என்னவென்று இருபது வயதுக்காரருக்குத் தெரியாது. உடனே கை பரபரக்கும்: ஊர்ப்பெயரை மாற்று, அணாவை வெள்ளியாக்கு, இரண்டு ‘லா’ தூவு. இந்த அரைகுறை வேலைதான் மோசம். சிங்கப்பூர் பஸ்ஸில் ஏமாற்றுவதற்குக் கண்டக்டரே இல்லையே!

ஆண்டை அப்படியே வைத்துக்கொண்டு ஊரை மட்டும் மாற்றலாமா என்றால் அதுவும் ஆபத்து. 1943-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த ஆண்டின் பசியும் பயமும் மேடைக்கு வந்துவிட்டால் அது வேறு கதை. ஒருவேளை நல்ல கதையாகவும் இருக்கும், ஆனால் இது இருக்காது.

ஆகவே இரண்டே தேர்வு. ஒன்று, 1943 சென்னையிலேயே விட்டுவிட்டு, அந்தக் காசுக் கணக்கைக் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். உள்ளங்கையில் நாணயங்கள், ஒரு பக்கம் வெற்றிலைக்கடை, மறுபக்கம் காப்பிக்கடை, நடுவில் தவிக்கும் ஒரு மனிதர். காலணாவின் மதிப்பு தெரியாமலேயே தவிப்பு புரிந்துவிடும். இன்னொன்று, இன்றைய சிங்கப்பூருக்கு முழுவதுமாகக் குடிபெயர்வது. அப்படியானால் வார்த்தைகளை விட்டுவிட்டு, அந்த மனிதரின் புத்தி இங்கே எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். நம் ஊரில் சில்லறை மிச்சப்படுத்தும் புத்தி எங்கே ஓடுகிறது? பஸ் மாறும் விதியில். இறங்கி 45 நிமிடத்துக்குள் வேறு எண்ணுள்ள பஸ்ஸில் ஏறினால் புதுப் பயணமாகக் கணக்காகாது. நாங்கள் ஒத்திகையில் எழுதிப் பார்த்தது இது:

பிள்ளை (அட்டையைப் பார்த்தபடி): இறங்கினது ஆறு பத்து. ஆறு அம்பத்தஞ்சுக்குள்ள ஏறிட்டா புதுசா வெட்டாது. நடுவுல ஒரு காப்பி. சூடா குடுத்துட்டான்னா ஆறவே பத்து நிமிஷம்…
பெரியவர்: ஐயா, தோ பாயோவுக்கு எப்படிப் போறது?
பிள்ளை (நிமிராமல்): எந்த பஸ்ஸுல வந்தீங்க?
பெரியவர்: நான் பஸ்ஸுல வரல.
பிள்ளை: அப்ப முழுக் காசு.

மூலத்தின் ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனால் கதைசொல்லி சொன்ன கணக்கு ஒரு மனிதரின் முணுமுணுப்பாகவும் கையிலுள்ள அட்டையாகவும் மாறிவிட்டது. வந்தவர் யார் என்று பார்வையாளருக்கு ஒரு கீற்றும் தெரிந்துவிட்டது. அடுத்த காட்சி காப்பிக்கடை. மூலத்தில் காப்பியின் ருசியைக் கடவுள் தம் லீலை என்று நினைக்க, அது ஹோட்டல்காரன் சிக்கரி கலந்த லீலை என்று பிள்ளை திருத்துவார். நம் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது பழைய வழக்கம், ஆகவே அந்த லீலைக்கு இங்கேயும் பஞ்சமில்லை. அதற்கு முன்னால் ‘கோப்பி ஓ கொசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) என்று கேட்கத் தெரியாமல் கடவுள் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பார். நான்கு வேதம் தெரிந்து என்ன பயன்?

5. கதையில் இல்லாத அவசரம் ஒன்றைச் சேருங்கள்

படிக்கிறவர் நடுவில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போகலாம். அரங்கில் அது முடியாது, அதனால் மேடைக்கு ஓர் உந்துதல் வேண்டும். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் இதைத் தம் கதையிலேயே செய்து காட்டியிருக்கிறார். 1887-இல் அவர் எழுதிய கதையொன்றில், வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத குறையோடு ஒரு பெண்மணி வங்கி அதிகாரியிடம் வந்து மன்றாடுகிறாள். இது வங்கி அம்மா என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஏறுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதையே ஓரங்க நாடகமாக்கியபோது, அந்த நாளை வங்கியின் ஆண்டுவிழா நாளாக மாற்றினார். வாழ்த்துக் குழு எந்த நிமிடமும் கதவைத் திறக்கலாம். கூடவே வாய் ஓயாத மனைவி, எரிச்சல் பிடித்த கணக்கர். பெண்மணி அதேதான், அவள் கேட்ட தொகைகூட அதேதான். கூடியது அவசரம்தான்.

உங்கள் கதையில் கதவுக்கு வெளியே யார் காத்திருக்கிறார்? பெண் பார்க்க வருகிறவர்களா, மின்தூக்கியில் ஏறி வந்துகொண்டிருக்கும் மாமியாரா? ஒருவரை நிறுத்திவையுங்கள். பிள்ளைக்கு 45 நிமிடம் இருக்கிறது, பாருங்கள். அது தானாகவே வந்து அமைந்த கெடு.

6. வசனம்: வினைச்சொல்லைக் கடைசிவரை பிடித்து வையுங்கள்

தமிழில் வாக்கியத்தின் தலையெழுத்து கடைசிச் சொல்லில்தான் தெரியும். “நான் உங்க பணத்தை ஒரு காசு பாக்கியில்லாம, வட்டியோட, நாளைக்கே…” என்று இழுத்து, “தரமாட்டேன்” என்று முடிக்கலாம். இந்த வசதி எல்லா மொழிக்கும் கிடையாது. சிரிக்க வைக்கும் சொல்லைக் கடைசியில் வையுங்கள். அதற்குப் பிறகு ஓர் ‘அப்படின்னு சொன்னேன்’கூட வேண்டாம், சிரிப்பு அதன்மேல் விழுந்து நசுங்கிவிடும்.

பழஞ்சொல் வந்தால் அர்த்தம் சொல்லாதீர்கள். நகைச்சுவை அந்தச் சொல்லில்தான் இருக்கிறதென்றால், இரண்டு நிமிடம் முன்னாலேயே வேறு சாக்கில் அதைப் பார்வையாளர் காதில் போட்டு வையுங்கள். சந்தா என்ற சொல்லைச் சிரிப்புக்குப் பயன்படுத்துமுன், பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை யாரிடமாவது தொலைபேசியில் சந்தா பாக்கி கேட்கட்டும்.

நம் இளைய நடிகர்களில் பலர் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். ஆனால் முதல் வாசிப்பைத் தமிழ்ப் பிரதியில் நடத்துங்கள், நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே வசனத்தை மாற்றுங்கள். திருநெல்வேலிப் பேச்சை வாரக்கடைசி ஒத்திகையில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நானும் நம்பினேன். ஆறு பேரும் ஆறு ஊராகப் பேசினார்கள்.

பழைய கதைகளில் சாதியை, நிறத்தை, அடிவாங்கும் மனைவியை வைத்து வரும் கேலிகளும் உண்டு. எல்லாவற்றையும் துடைத்துவிடத் தேவையில்லை. கேலி எந்தப் பக்கம் பாய்கிறது என்று பாருங்கள். பெரிய மனிதரின் பந்தாவைக் குத்துகிறது என்றால் விடுங்கள், எளியவரைக் குத்துகிறது என்றால் எடுங்கள். சிங்கப்பூருக்கு மாற்றும்போது சீனக் கடைக்காரர், மலாய் அண்டைவீட்டார் என்று புதுக் கேலிப்பாத்திரங்களைச் சேர்க்கத் தோன்றும். அது சோம்பேறி எழுத்து.

7. உரிமம், அரங்கு, பணம்

கட்டணமோ இலவசமோ, பொதுமக்களுக்கான நாடகம் என்றால் அரசின் ஊடக ஆணையமான ஐஎம்டிஏவின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவையா என்று முதலிலேயே பாருங்கள். பிரதியைச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும், எந்த வயதினருக்கு ஏற்றது என்ற வகைப்பாடும் வரும். எனவே ‘வசனத்தைக் கடைசி வாரம் பார்த்துக்கலாம்’ என்ற நம் பரம்பரைப் பழக்கம் உதவாது. சில மாதம் முன்பே பிரதி முடிந்திருக்க வேண்டும். கடவுள் மேடைக்கு வரும் கதையென்றால் யாரையும் புண்படுத்தாமல் எப்படிக் கையாளப்போகிறீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குப் போடுவதாக இருந்தால் முந்தைய ஆண்டின் நடுவிலேயே கதையை முடிவு செய்துவிடுங்கள்.

அரங்கு சின்னதாக இருக்கட்டும். விக்டோரியா ஸ்திரீட் டிராமா சென்டரின் பெரிய அரங்கில் 615 இருக்கைகள். அதில் இருநூறு பேர் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நூறு பேர் தோளோடு தோள் உரசும் பிளாக்பாக்ஸ் என்ற சின்ன அரங்கில் அதே நாடகம் தீப்பிடிக்கும்.

8. ஆங்கில வரிகள்: சத்தமில்லாத எதிரி

இங்கே பெரும்பாலான தமிழ் நாடகங்களுக்கு மேலே திரையில் ஆங்கிலத்தில் சர்டைட்டில் ஓடுகிறது. தமிழ் அரைகுறையாகப் புரிகிற நம் பிள்ளைகளுக்கும், கூட வரும் சீன, மலாய் நண்பர்களுக்கும் அது வேண்டும். ஆனால் கண் காதைவிட வேகமானது. நடிகர் “நாளைக்கே…” என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ‘தரமாட்டேன்’ வந்துவிட்டால் பாதி அரங்கு முன்னாலேயே சிரித்துவிடும். நடிகர் குழம்பிவிடுவார், மீதிப் பாதி எதையோ தவறவிட்டோம் என்று திரையைப் பார்க்கும்.

வழி இதுதான். ஒரு வசனத்தை இரண்டு, மூன்று துண்டாக வெட்டுங்கள். முத்தாய்ப்புச் சொல்லைத் தனித் துண்டாக வைத்து, அதற்கு முன் ஒரு வெற்றுத் திரை விடுங்கள். பொத்தானை அழுத்துகிறவர் தமிழ் தெரிந்தவராகவும் கடைசி ஐந்து ஒத்திகைகளுக்காவது வந்தவராகவும் இருக்கட்டும். என் குழுவில் இந்த வேலைக்கு நடிகர்களைவிடக் கவனமாக ஆள் தேடுகிறேன். சிலேடைகளை மொழிபெயர்க்கவே வேண்டாம், அந்த இடத்தில் நடிகரின் முகம் போதும்.

9. ஒத்திகை

வேலைக்குப் போகிறவர்கள், தேசிய சேவையில் இருக்கும் பையன்கள், துணைப்பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே அறையில் கூடும் மாலைகள் குறைவு. ஆகவே முதல் வாரத்திலேயே பிரதியை உரக்கப் படித்து நேரம் குறியுங்கள். எங்கள் தழுவல் ஒன்று வாசிப்பில் 28 நிமிடம். சிரிப்பும் அசைவும் சேர்ந்து மேடையில் 37.

மூன்றாவது வாரம் யாருக்கும் சிரிப்பு வராது. இது எல்லாக் குழுவுக்கும் நடக்கும். அப்போதுதான் நடிகர்கள் பயந்துபோய் முகத்தைக் கோணுவார்கள், குரலை ஏற்றுவார்கள், இல்லாத வசனத்தைச் சேர்ப்பார்கள். விடாதீர்கள். பிள்ளைக்கு அது காப்பியா வெற்றிலையா என்ற உயிர்ப் பிரச்சினை. அவர் வேடிக்கை செய்யவில்லை. நடிகர் எவ்வளவு தீவிரமாக இருக்கிறாரோ அவ்வளவு நல்லது. அந்த வாரம் கதை தெரியாத இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நான் என் அத்தையைக் கூட்டிவருவேன். அவர் கைப்பேசியை எடுக்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன், மறுநாள் அங்கே வெட்டு விழும்.

சிரிப்புக்குக் காத்திருக்கவும் பழக்குங்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம். முழுதாக அடங்கும்வரை காத்தால் காட்சி ஆறிவிடும். சிரிப்பே வராவிட்டால் வந்ததாக நினைத்துக் காத்திருக்கக் கூடாது. இதை அறைக்குள் சொல்லிக்கொடுக்க முடியாது, அந்த அத்தை வேண்டும்.

10. கடைசி நிமிடம்

கந்தசாமிப் பிள்ளையின் கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள். கடவுள் போய்விடுகிறார். அவர் கொடுத்த பத்திரிகைச் சந்தா 25 ரூபாயை, தாம் அவருக்கு வைத்த ‘பழைய பரமசிவம் பிள்ளை’ என்ற பெயரில் பிள்ளை கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கிறார். தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று கேட்டுக்கொண்டே குழந்தை வருகிறது. அவ்வளவுதான். படிக்கும்போது என்னவோ செய்யும் முடிவு. மேடையில் ஒருவர் புத்தகத்தில் எழுதுவது எட்டாவது வரிசைக்குத் தெரியவே தெரியாது.

முதல் காட்சிக்கு நாங்கள் கணக்கை உரக்கச் சொல்லச் சொன்னோம். சிரித்தார்கள், ஆனால் குழந்தையின் கேள்வி அந்தச் சிரிப்பில் மூழ்கிவிட்டது. இரண்டாவது காட்சிக்கு வரிசையை மாற்றினோம். குழந்தை முதலில் கேட்டது. பிள்ளை பதில் சொல்லாமல் வாசலைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, எழுதிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ‘வரவு’ என்றதும் சிரிப்பு எழுந்தது. விளக்குப் பலகையில் இருந்த பையனிடம் ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தேன்: சிரிப்பு முடியட்டும், மூன்று எண்ணு, பிறகு அணை. அவன் ஐந்து வரை எண்ணிவிட்டான். அந்த இரண்டு விநாடியில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. மறுநாள் பிரதியில் மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினேன்.